கொள்ளைநோய்க் காலத்தில் நாடகக்காரர்க்குக் கிடைத்த பொருளுதவி

இங்கிலாந்து தேசத்து அரண்மனைப் பொக்கிஷக் கணக்கில் 1604-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 8-ஆம் தேதியிட்ட உத்தரவொன்றின்மேல் எழுதப்பட்ட செலவு ஒன்று உளது. ரிச்சர்டு பர்பேஜ் என்னும் நடிகர்க்கு 30 பவுன் கொடுக்கப்பட்டது என்பதே அச்செலவு. இன்ன காரணத்தினாற் கொடுக்கப்பட்டது என்பதும் அதனுடன் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஜனங்கள் பெருங்கூட்டமாகக் கூடுவதனால் கொள்ளைநோய் மீண்டும் மிகுமென்று அஞ்சி, லண்டன் நகரத்திலும் அதன் அருகிலும் நாடகமாடலாகாதென்று தடுக்கப்பட்டிருத்தலின், அவரும் அவருடைய கூட்டத்தாரும் உயிர் வாழ்தற்பொருட்டு, கடவுள் நகரத்துக்கு நற்சுகம் அருளுமளவும் உதவும்படி, அரசர் மனமுவந்து அளித்த கொடை என்பது அதன் கருத்து. அரண்மனையில் நாடகம் நடித்ததற்குப் பணம் பெற்ற கணக்குகள் பலவுள. அவற்றினின்றும் இஃது வேறானது. ஆடாதிருந்த நாட்களுக்குச் சோறு போட ஓர் அரசாங்கம் பணம் எடுத்துக் கொடுத்த செய்தி இது.

அக்கூட்டத்தில் வில்லியம் ஷேக்ஸ்பியரும் ஒருவர். ஆதலின் ஆங்கில இலக்கியம் பயின்றோர் இக்கணக்கை நன்கறிவர். ஆயினும் அவர்கள் ஷேக்ஸ்பியரின் சரித்திரத்துக்கு ஒரு சான்றாக இதனைக் கொள்கின்றனரேயன்றி, தொழில் நின்றுபோன கலைஞர்க்கு உதவும் முறையின் சரித்திரமாக இதனை ஆராய்வார் சிலரே. 2020-ஆம் ஆண்டுப் பங்குனியிலிருந்து நம் ஊர்க் கோயில்களில் விழாக்கள் நின்றபோது, நாகசுரமும் தவிலும் வாசிப்போரும் கூத்தாடுவோரும் எந்நிலையை அடைந்தனர் என்பதை நேயர்கள் கண்ணாரக் கண்டனர். ஆதலின் இவ்விஷயத்தை விரிவாக எழுதத் துணிந்தோம்.

முதற்கண், அக்காலத்து நாடகக்காரரின் நிலைமை இன்னதென்று அறிதல் வேண்டும். 1572-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, பிரபு ஒருவரையேனும் அவரினும் மேலான பதவியுடையாரையேனும் சாராது ஊர்தோறும் திரிந்து நாடகமாடுவோர் நாடோடிகளென்றும் போக்கிரிகளென்றும் எண்ணித் தண்டிக்கப்படுவர். ஆகவே கூட்டத்தார் ஒவ்வொருவரும் யாரேனும் ஒரு பிரபுவின் ஊழியரென்று பெயர் பூண்டே தொழில் செய்தனர். பெயர் பூண்டதால் சம்பளம் கிடைத்ததென்று நினைத்தல் கூடாது. பிரபு அவர்க்குத் தம் பெயரையும் ஊழியருடையையும் அளித்தார். வயிற்றுப்பாடு வாயிலிற் சேரும் சில்லறைக் காசாலேயே நடந்தது. தரையில் நின்று பார்ப்பவன் கொடுப்பது ஒரு பென்னி. வாயில் அடைபட்டால் அன்றைக்கு வரும்படியும் அடைபட்டது.

வாயில் அடைபட்ட நாட்களோ பல. 1592-ஆம் ஆண்டுக் கோடையில் கலகம் ஒன்றன் காரணமாக நாடகசாலைகளை மூடினர். அத்தடை நீங்குமுன் கொள்ளைநோய் வந்து சேர்ந்தது. இடையே ஒரு மாத அளவு திறந்திருந்ததொழிய 1593-ஆம் ஆண்டு முடியுமளவும் லண்டனில் ஆட்டம் இல்லை. அரசாங்கம் அக்காலத்தில் அவர்க்குச் செய்த உதவியெல்லாம் வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு அளித்ததேயாம். சீட்டுப் பெற்றுப் புறப்பட்டவருள் எட்வர்டு ஆலின் என்பவர் அக்காலத்துப் பெயர்பெற்ற நடிகர். அவர் பிரிஸ்டல் நகரிலிருந்து 1593 ஆகஸ்டு மாதத்தில் தம் மனைவிக்கு விடுத்த கடிதம் இன்றும் அழியாது இருக்கின்றது. மணமாகி ஓராண்டும் நிரம்பாத அவ்வம்மையாரைச் சுண்டெலியென்று செல்லப்பெயரிட்டழைத்து, வீட்டைத் துப்புரவாக வைத்துக்கொள், மாலைதோறும் வாயிலிலும் கொல்லைப்புறத்திலும் நீர் தெளி, சன்னல்களில் அருவதாத் தழையை மிகுதியாக வை என்று நோய்க்குக் காப்புச் சொல்கிறார். பின்னர், தம் காலுறைகளுக்கு நல்ல கறுப்புச் சாயம் ஏற்றி வைக்கும்படியும், தோட்டத்துப் பாத்தியில் செப்டம்பர் மாதம் கீரை விதைக்கும்படியும் எழுதுகிறார். வழியிற் கிடந்து உழல்வோன் தன் வீட்டுப் பாத்தியை நினைந்து எழுதியதைப் படிக்குந்தோறும் நமக்கு நெஞ்சு நெகிழ்கின்றது.

ஆலினுக்குப் பின்பலம் இருந்தது. அவருடைய மனைவியின் மாற்றாந்தந்தையாகிய பிலிப் ஹென்ஸ்லோ நாடகசாலையொன்றன் உடைமையாளர், கையிற் பணமுள்ளவர். அப்பலம் இல்லாத கூட்டத்தார் கதி யாதாயிற்று? அதனை ஹென்ஸ்லோவே 1593 செப்டம்பர் 28-ஆம் தேதிக் கடிதத்தில் ஆலினுக்குத் தெரிவிக்கிறார். பெம்புரோக் பிரபுவின் நாடகக்காரர் எங்கே இருக்கின்றனரென்று கேட்டிருந்தாய். அவர்கள் ஊர் திரும்பி ஐந்தாறு வாரமாகின்றது. பிரயாணச் செலவுக்கும் வரும்படி கட்டவில்லையாம். தங்கள் உடுப்புகளை அடகு வைக்க நேர்ந்ததென்று கேள்விப்படுகிறேன் என்பது அதன் சாரம்.

உடுப்பை அடகு வைத்தல் என்பதன் பொருளை நாடகக் கம்பெனிகளின் சரித்திரம் அறிந்த நேயர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அக்காலத்து நாடகத்துக்குத் திரைச்சீலைகளும் காட்சிகளும் அதிகமில்லை. மூலதனமெல்லாம் பட்டும் சரிகையுமாகிய உடுப்பிலும் கையெழுத்துப் பிரதிகளாகிய நாடகங்களிலுமே அடங்கியிருந்தது. உழவன் ஏரையும் மாட்டையும் விற்றதை ஒக்கும் அச்செயல். அதன்பின் 1594-ஆம் ஆண்டளவில் அக்கூட்டத்தார் ஆடிய நாடகங்கள் சில அச்சிற் புகுந்தன. கிறிஸ்டபர் மார்லோ இயற்றிய இரண்டாம் எட்வர்டு நாடகம் அவற்றுள் ஒன்று; முகப்பில் பெம்புரோக் பிரபுவின் ஊழியர் ஆடியதென்று கண்டிருக்கிறது. கைமுதல் வற்றிய நிலையில் பிரதிகளையும் அவர்கள் விற்றனர் என்று அறிஞர் பலர் கருதுவர். நோய் அக்கூட்டத்தாருள் எவரைக் கொன்றது, எவரை விட்டது என்பது ஒருபுறமிருக்க, கூட்டம் என்னும் ஒன்று இறந்துபட்டது என்பது தெளிவு.

நிற்க. இக்கொள்ளைநோய்க் காலத்தைப் பற்றி எழுதுவோர் சிலர் ஒரு வார்த்தை சொல்வதுண்டு. நாடகசாலை மூடியிருந்ததனால் அன்றோ ஷேக்ஸ்பியர் 1593-இலும் 1594-இலும் இரண்டு காவியங்களைச் செய்து சௌதாம்டன் பிரபுவுக்கு உரிமையாக்கினார், ஆதலால் வறுமையும் கலைக்கு நன்மையே என்பர். நாம் இதனை ஒப்புக்கொள்ளோம். எழுதத் தெரிந்த ஒருவர் பிரபு ஒருவரை நாடிக் காவியம் எழுதலாம். முரசடிப்பவன் எக்காவியத்தை எழுதுவான்? உடுப்புக்காரன் எந்தப் பிரபுவை நாடுவான்? அப்பிரபு ஷேக்ஸ்பியருக்கு 1,000 பவுன் கொடுத்தார் என்றொரு கதையும் பின்னாளிற் பரவியது. அத்துணைத் தொகையை நம்புதற்குப் போதிய சான்றில்லை. இத்தகைய கதைகள் உண்மையான 30 பவுனை மறைத்து விடுகின்றன என்பதே நம் வருத்தம்.

1603-ஆம் ஆண்டில் நேர்ந்தது வேறுவிதம். மார்ச்சு மாதம் 19-ஆம் தேதி, எலிசபெத்து அரசியார் நோய்வாய்ப்பட்டிருந்ததனால் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. 24-ஆம் தேதி அரசியார் காலமானார். ஸ்காட்லாந்திலிருந்து ஜேம்ஸ் அரசர் வந்து முடிசூடுமுன் கொள்ளைநோயும் நகரத்திற் புகுந்தது. லண்டனிலும் அதன் புறச்சேரிகளிலும் அக்காலத்து ஜனத்தொகை ஏறக்குறைய 2 லட்சம். அவ்வோராண்டில் அந்நோயால் மாண்டவர் 30,000-க்கும் மேற்பட்டவர். ஏழு பேருக்கு ஒருவர் என்று கொள்ளலாம். இத்துயரின் தொடக்கத்தில், மே மாதம் 19-ஆம் தேதி, அரசர் ஒரு சாசனம் பிறப்பித்து ஷேக்ஸ்பியர், பர்பேஜ் முதலிய ஒன்பதின்மர் பெயரைக் குறிப்பிட்டு, அவரும் அவருடைய ஏனைத் துணைவரும் இனித் தம்முடைய ஊழியராவர் என்று அறிவித்தார். கொள்ளைநோய் தணிந்த பின்னரே குளோப் என்னும் தங்கள் நாடகசாலையில் ஆடலாம் என்பதும் அச்சாசனத்திலேயே எழுதியிருந்தது. உரிமை கையில் வந்தது, வாயில் திறக்கவில்லை.

அவ்வாண்டு இறுதியில் அரசர் நோய்க்கு அஞ்சி நகரத்துக்கு அப்பால் தங்கியிருந்தார். டிசம்பர் 2-ஆம் தேதி வில்டன் என்னும் ஊரில் பெம்புரோக் பிரபுவின் மாளிகையில் அரசர் முன்னிலையில் ஆடுதற்காக, மார்ட்லேக்கு என்னும் ஊரிலிருந்து கூட்டத்தார் வரவழைக்கப்பட்டு 30 பவுன் பெற்றனர். பத்தாண்டுகட்கு முன் உடுப்பை அடகு வைத்த கூட்டத்துக்குத் தம் பெயரை அளித்திருந்தவர் இப்பிரபுவின் தகப்பனார். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு ஹாம்டன் கோர்ட்டு அரண்மனையிலும் ஆடினர். அதன் பின்னரே நாம் முதலிற் குறித்த கொடை வந்தது.

அரசர் முன் ஒரு நாடகம் ஆடினால் வழக்கமாகக் கிடைப்பது 10 பவுன். ஆகவே கொடையாக வந்த 30 பவுன் மூன்று இரவின் அரண்மனை வரும்படிக்கு ஒப்பாகும். ஏறக்குறைய ஓராண்டு வரும்படி இழந்தவர்க்கு இது பெருந்தொகையன்று. சாசனத்திற் கண்ட ஒன்பதின்மர்க்குப் பகிர்ந்தால் தலைக்கு மூன்று பவுனுக்குச் சிறிது மேலாகும். அங்ஙனம் பகிர்ந்தனரா, கூட்டத்தின் பொதுச் செலவுக்கு வைத்தனரா என்பதைக் கணக்கு சொல்லவில்லை. பணம் பர்பேஜின் கையில் கொடுக்கப்பட்டது, அவரும் ஏனையோரும் பிழைத்தற்கு என்று எழுதப்பட்டது, அவ்வளவே.

ஏனையோர் என்பது யாரை? இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்காலத்து நாடகக் கூட்டத்தில் பங்காளிகள் வேறு, கூலிக்காரர் வேறு. பங்காளிகள் முதல் போட்டு வரும்படியைப் பகிர்ந்துகொள்வோர். கூலி நடிகர் வாரச் சம்பளத்துக்கு உழைப்போர். ஸ்திரீ பார்ட் நடிக்கும் பிள்ளைகள் பங்காளிகளிடம் தொழில் பயில்வோராக அவர்கள் வீட்டிலேயே உண்டு வளர்ந்தனர். இவர்களன்றி வாத்தியக்காரர், உடுப்புக்காரர், புத்தகம் பிடித்து அடியெடுத்துக் கொடுப்போர், வாயிலில் காசு வாங்கும் ஆடவரும் பெண்டிரும் எனப் பலர் இருந்தனர். சாசனத்தில் பெயர் பெற்றவர் ஒன்பதின்மரே. 1604 மார்ச்சு மாதம் 15-ஆம் தேதி அரசர் நகரில் பவனி வந்தபோது நடிகர் ஒவ்வொருவர்க்கும் நாலரை கஜம் சிவப்புத் துணி கொடுத்த கணக்கிலும் இவ்வொன்பதின்மர் பெயரே காணப்படுகின்றது. பட்டியலில் பெயரிருந்தவனுக்குத் துணி. காசு வாங்கிய கிழவியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஆயினும் இக்கொடையில் அடங்கிய ஒரு நியாயம் போற்றத்தக்கது. நோயுற்றோர்க்கு உதவுதல் அந்நாட்டார்க்குப் புதிதன்று. நோய் கண்ட வீட்டை ஆறு வாரம் அடைத்துவிட்டு, உள்ளிருப்பவரில் ஏழைகட்கு ஊர்வரியினின்றும் உணவளிக்கும் ஏற்பாடு முன்னரே இருந்தது. 1604-ஆம் ஆண்டில் பார்லிமெண்டு அதனைச் சட்டமாகவே செய்தது. அவ்வுதவி நோய் கண்டவர்க்கு உரியது. நாடகக்காரரோ நோய் காணாதவர். அவர் நோயைப் பரப்பினாரென்ற குற்றச்சாட்டும் அக்கணக்கில் இல்லை. பிறர் நலத்தின்பொருட்டு அவர் தொழில் நிறுத்தப்பட்டது, ஆதலால் அவர் பிழைக்க வழி செய்தல் நிறுத்தியவர் கடன் என்னும் கொள்கை, அதனை எழுதிய கணக்கர் கருதினாரோ இல்லையோ, அவ்வரிகளில் இருக்கின்றது. நாடகமே நோய்க்குக் காரணமாகிய பாவம் என்று பாதிரிமார் சிலர் முழங்கிய காலம் அது என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

1604 ஏப்ரல் 9-ஆம் தேதி நாடகசாலைகளைத் திறக்க அனுமதி கிடைத்தது. வாரத்தில் 30 பேருக்கு மேல் கொள்ளைநோயால் இறப்பராயின் மீண்டும் மூட வேண்டுமென்பது நிபந்தனை. பின்னர் 1619-ஆம் ஆண்டுச் சாசனத்தில் அவ்வெண் 40 ஆயிற்று. வாரந்தோறும் வெளியாகும் மரணப் பட்டியலைப் பார்த்தே நடிகன் தன் அடுப்பெரியுமா எரியாதா என்று அறிவான்.

1608-ஆம் ஆண்டு நடுவில் நோய் மறுபடியும் வந்தது. மறு ஆண்டு முழுவதும் பெரும்பாலும் ஆட்டமில்லை. இம்முறை உதவி வேறொரு பெயரில் வந்தது. 1609 ஏப்ரல் மாதத்தில் கூட்டத்தின் கணக்கைக் கவனித்துவந்த ஜான் ஹெமிங்கிஸ் என்பவரிடம் 40 பவுனும், 1610 மார்ச்சு மாதத்தில் 30 பவுனும் கொடுக்கப்பட்டன. நோய்க்காலத்தில் அவர்கள் தனித்திருந்து ஒத்திகை பார்த்தமைக்கும், அதனால் பண்டிகைக் காலத்தில் அரசர் முன் ஆட இயன்றமைக்கும் வெகுமதி என்று காரணம் எழுதப்பட்டது. முன்னது கொடை, பின்னது ஒத்திகைக் கூலி. இரண்டில் எது மேல் என்பதில் அபிப்பிராயபேதம் இருக்கலாம். நமக்குப் பின்னதே உவப்பாகத் தோன்றுகின்றது. தொழிலாளியைப் பிச்சைக்காரனாக்காமல், நீ வேலையிலேயே இருக்கிறாய், கலைந்து போகாதே என்று சொல்லிக் கொடுத்த பணம் அது. கூட்டத்தார்க்கும் கையெழுத்திட்டுப் பெறுதலில் நாணமிருந்திராது.

கலையாமல் இருந்ததன் பயனை 1623-ஆம் ஆண்டில் உலகம் கண்டது. ஷேக்ஸ்பியர் இறந்து ஏழாண்டுகட்குப் பின், அதே ஹெமிங்கிஸும் ஹென்றி காண்டெல் என்னும் துணைவரும் அவருடைய 36 நாடகங்களைத் தொகுத்து ஒரே புத்தகமாக வெளியிட உதவினர். இருவரும் 1603-ஆம் ஆண்டுச் சாசனத்தின் ஒன்பதின்மரில் உள்ளவர். அந்நாடகங்களில் ஏறக்குறையப் பாதி அதற்குமுன் அச்சேறாதவை. மாக்பெத்து, புயற்காற்று, பன்னிரண்டாம் இரவு என்பன அவற்றுட் சில. கூட்டத்தாரின் வசம் பிரதிகள் இருந்தமையாலன்றோ அவை பிழைத்தன? 30 பவுனும் 40 பவுனுமே அவற்றைக் காத்தன என்று நாம் சொல்லத் துணியோம். அக்கூட்டத்தார்க்குச் சொந்தத்தில் நாடகசாலையும் திறமையும் நகரத்தாரின் அபிமானமும் இருந்தன. ஆனால் பெம்புரோக் பிரபுவின் ஊழியரைப்போல் இவர்களும் உடுப்பையும் பிரதிகளையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோயிருந்தால் மாக்பெத்து எவர் கையிற் சிக்கி எவ்வாறு அழிந்திருக்குமோ அறியோம்.

பிற்காலத்து நிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்லுவோம். 1625-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் அரசர் இறந்தவுடன் வந்த கொள்ளைநோய் முன்னதினும் கொடியது. அக்கூட்டத்துக்கு நாடகம் எழுதிவந்த ஜான் பிளெட்சர் அதில் மாண்டார். ஊரைவிட்டு வெளியேற எண்ணியவர், புதுச் சட்டை தைத்து முடியட்டுமென்று தங்கி நோய்க்கு இரையானார் என்றொரு கர்ணபரம்பரை உண்டு. 1636 மே மாதம் மூடிய வாயில்கள் 1637 அக்டோபர் மாதமே நிலையாகத் திறந்தன. இடையில் திறந்திருந்தது ஒரு வாரம். அப்போது சார்லஸ் அரசர் தம் நாடகக்காரர் ஒருங்கே கூடி அரண்மனைக்கு அண்மையில் இருக்கவேண்டுமென்று கட்டளையிட்டு, வாரத்துக்கு 20 பவுன் வீதம் படி ஏற்படுத்தினார். ஒருமுறைக் கொடையினின்றும் வாரப்படிக்கு வந்து சேர முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அதே காலத்தில் அரசியார் பெயரைப் பூண்டிருந்த கூட்டம் அத்தடைக்காலத்தில் சிதறிப்போயிற்று. நாடகசாலை முதலாளி புதியதொரு சிறுவர் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டார். அரண்மனைக்கு மிக அண்மையிலிருந்தவர்க்குப் படி, அடுத்த படியில் நின்றவர்க்குச் சிதறல்.

நோய்க்காலத்தில் நாடகக்காரர் தாம் பெறுபவராக மட்டும் இருந்தனரல்லர் என்பதையும் ஈண்டுச் சொல்லாமல் விடுதல் நன்றன்று. 1600-ஆம் ஆண்டில் ஆலின் புதிய நாடகசாலை கட்ட முயன்றபோது, தங்கள் ஊர் ஏழைகளுக்கு வாரந்தோறும் தாராளமாகப் பொருள் தருவதாக அவர் தரப்பினர் ஒப்புக்கொண்டனரென்று பின்ஸ்பரி என்னும் பேட்டையார் எழுதிக் கொடுத்து அவரை ஆதரித்தனர். அவ்வாலினே செல்வம் சேர்ந்தபின் 1619-ஆம் ஆண்டில் டல்விச்சு என்னும் ஊரில் ஏழைச் சிறுவர்க்குக் கல்லூரியும் முதியோர்க்கு இல்லமும் நிறுவினார். அஃது இன்றும் நடைபெறுகின்றது. கீரை விதைக்கச் சொல்லிய கடிதம் அங்கேதான் காக்கப்படுகின்றது.

இனி, அதே லண்டனில் அதே தேம்ஸ் நதிக்கரையில் 2020-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கூறுவோம். கொரோனா நோயின் காரணமாக மார்ச்சு 16-ஆம் தேதி ஜனங்கள் நாடகசாலைகளுக்குச் செல்லவேண்டா என்று அரசாங்கத்தார் அறிவித்தனர். எட்டு நாட்களுக்குள் இங்கிலாந்தின் கலை மன்றத்தார் 160 மில்லியன் பவுன் அவசர நிதியை வெளியிட்டனர். அதில் 90 மில்லியன் முன்னரே அவர்களிடம் நிரந்தர மானியம் பெற்றுவந்த ஸ்தாபனங்களுக்கு. 50 மில்லியன் ஏனை ஸ்தாபனங்களுக்கு. 20 மில்லியன் தனிப்பட்ட கலைஞர்க்கும் தொழிலாளர்க்கும், ஆளுக்கு 2,500 பவுனுக்கு மேற்படாமல். ஜூலை மாதத்தில் அரசாங்கம் 157 கோடி பவுன் பெருநிதியொன்றையும் அறிவித்தது. பழைய இடத்துக்கு அருகே 1997-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய குளோப் நாடகசாலை, அரசாங்க மானியம் பெறாது சீட்டு விற்றே நடந்துவந்தது. தாங்கள் நிலைப்பதே அரிதென்று 2020 மே மாதத்தில் முறையிட்டது. அக்டோபரில் ஏறக்குறைய 30 லட்சம் பவுன் பெற்றுப் பிழைத்தது.

ஸ்தாபனங்கள் பிழைத்தன. அவற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் அமர்த்தப்படும் நடிகரும் விளக்குக்காரரும் உடுப்புத் தைப்போரும் பெரும்பாலும் எவரிடத்தும் நிலையான வேலையில் இல்லாதவர். சுயதொழில் செய்வோர்க்கென்று அரசாங்கத்தார் ஒரு திட்டம் வகுத்தனர். முந்திய ஆண்டுகளின் சராசரி லாபத்தில் நூற்றுக்கு 80 பங்கு அளிப்பதாகச் சொன்னது அது. நல்ல திட்டமே. ஆனால் வருமானத்தில் பாதிக்குமேல் சுயதொழிலில் வந்திருக்கவேண்டும், வரிக்கணக்கில் முன்னரே பெயரிருக்கவேண்டும் என்று விதித்தனர். பகலில் கடையில் வேலை செய்து இரவில் நடித்தவன் கணக்கு பாதிக்குக் குறைந்தது. 2019 ஏப்ரலுக்குப்பின் தொழிலுக்கு வந்த இளைஞன் பட்டியலிலேயே இல்லை. அவனுக்கு வாயில் திறக்க மறு ஆண்டு ஆயிற்று. அதற்குள் அவர்களிற் பலர் வேறு தொழிலுக்குப் போயினர்.